வாசியாமல் இட்ட ஒப்பம்



திருமண விசாரணைக்கு வரும் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அமர்த்தி வினவுவது திருச்சபையின் ஒழுங்கு. "எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு அறிவோடும் மனச் சுதந்திரத்தோடும் இதற்கு இசைகிறாயா?" என்று கேட்கிறோம். ஞாயிறுதோறும் ஓலை வாசிக்கிறோம். எதற்கு இசைகிறோம் என்று அறியாமல் ஒருவன் கொடுக்கும் இசைவு இசைவே அன்று என்று, குருமடத்தில் அறநெறி இறையியல் கற்பித்த ஆசிரியர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னது இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. இத்தனை ஆண்டுகளாய் இதனைப் பிறருக்கு எடுத்துரைத்து வந்த நாம், சென்ற கோடை விடுமுறையில் நமது கைப்பேசியை வைத்துக்கொண்டு செய்த காரியம் ஒன்றை இம்மாதம் வாசகர் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மறைக்கல்வி வகுப்பு முடிந்து பீடச் சிறுவர் நால்வர் பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தனர். "சாமி, உங்க போன்ல ஒரு கேம் ஏத்தித் தரட்டுமா? வண்டி ஓட்டுற கேம்தான்" என்றான் ஒருவன். சிறுவர் ஆசைதானே என்று கொடுத்தோம். திரையில் எறும்பு ஊர்ந்தாற்போல ஆங்கில எழுத்துகள் நெடுக ஓடின. அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் பொருள்பட ஒரு பொத்தான். அடுத்து, தொலைபேசி எண்களின் பட்டியலைப் பார்க்க அனுமதி உண்டா என்று ஒரு கேள்வி. இருக்கும் இடத்தை அறிய அனுமதி உண்டா என்று மற்றொன்று. "அமுக்குங்க சாமி, அமுக்குனாத்தான் ஓடும்." அமுக்கினோம். வண்டி ஓடிற்று. சிறுவர் ஆரவாரித்தனர். நாமும் மகிழ்ந்தோம்.

எட்டு மாதங்கள் சென்றபின், கணினி பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர், எந்தச் செயலிக்கு எந்த அனுமதியைத் தந்திருக்கிறோம் என்னும் பக்கத்தைத் திறந்து காட்டினார். அந்த விளையாட்டுக்கு நமது எண்களின் பட்டியல் அதுநாள்வரை திறந்தே கிடந்தது. வண்டி ஓட்டும் விளையாட்டுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பங்கு மக்களுடைய எண்கள் எதற்கு? எண்கள் மட்டுமாயின் நமக்கு இத்துணை வேதனை இராது. ஒரே பெயரில் பலர் இருப்பதால், அடையாளத்திற்காகப் பெயரின் பக்கத்தில் ஒரு சொல் சேர்த்து வைப்பது நமது வழக்கம். 'மேலத்தெரு, கணவர் குடி' என்று ஒன்று. 'வட்டிக் கடன்' என்று ஒன்று. 'பிரிந்து வாழ்பவர்', 'மகள் வீடு திரும்பவில்லை' என்று இன்னும் சில. இவை ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டவை அல்ல. அந்த முத்திரைக்குப் பழுது நேரவில்லை. ஆயினும் இரவு பத்து மணிக்கு அழுதுகொண்டே நம்மை அழைத்தவர்கள் நம்பிக் கொடுத்த செய்திகள் அவை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 220-ஆம் சட்டத்தில், ஒருவர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமைக்கு எவரும் ஊறு செய்யலாகாது என்கிறது. அதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியவர் நாம்.

விளையாட்டே தீது என்று சொல்ல வரவில்லை. சிறுவரை விளையாட்டாலேயே கடவுளிடம் அழைத்து வந்தவர் தோன் போஸ்கோ. நம் பேச்சு அந்தப் பொத்தானைப் பற்றியது.

இலவசமாய்க் கிடைக்கும் விளையாட்டு எதனால் இலவசம் என்று நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. எந்த ஊரில், எந்நேரத்தில், எவ்வளவு நேரம் ஆடுகிறோம், எந்த இடத்தில் தோற்றுக் காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறோம், யாரோடு பேசுகிறோம் என்பவற்றை எல்லாம் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டு விளம்பரம் காட்டிப் பணம் ஈட்டும் நிறுவனங்கள் பல. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டிலும் பல வேளை இதுவே நடக்கிறது. உரிம ஒப்பந்தம் என்னும் அந்நீண்ட ஆவணத்தை ஊன்றிப் பார்த்தால், நாம் விளையாட்டை வாங்கவே இல்லை, ஆடுவதற்கு அனுமதி மாத்திரம் பெற்றோம் என்றிருக்கும். நிபந்தனைகளை நிறுவனம் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருக்கும். தோட்டத்தைக் குத்தகைக்கு எழுதியபின், நடுவில் நிபந்தனையை மாற்றுவேன் என்று உடையவர் சொன்னால், நமது திராட்சை விவசாயி சும்மா இருப்பாரா?

பிற நாடுகளில் ஆடுபவர்கள் சும்மா இருக்கவில்லை. 2018-இல், 'ரெட் ஷெல்' என்னும் ஒற்றறியும் கருவி பல கணினி விளையாட்டுகளுக்குள் சத்தமின்றி வைக்கப்பட்டிருப்பதை ஆடுபவர்களே துப்பறிந்து, பெயர்ப் பட்டியலிட்டு அம்பலப்படுத்தினர். நிறுவனங்கள் பல அதை அகற்ற நேர்ந்தது. 2025-இல் 'பார்டர்லாண்ட்ஸ்' விளையாட்டின் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் தன் நிபந்தனைகளைத் திருத்தியபோது, 2012-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்தை முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள்கூட, 'ஸ்டீம்' என்னும் விற்பனைத் தளத்தில் கண்டனக் குறிப்புகளை எழுதிக் குவித்தனர். உளவு பார்க்கும் நிரல் எதையும் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று நிறுவனம் மறுத்துரைத்தது. அச்சத்தில் சில மிகைப்பட்டதாகவே இருக்கலாம். எனினும், வாசித்துப் பார்த்து "இது எதற்கு?" என்று கேட்டார்கள் அல்லவா?

இன்னொரு நிகழ்ச்சி, குருவானவர் என்ற முறையில் நம்மைத் தூங்கவிடாமல் செய்தது. 2010 ஏப்ரல் முதல் நாள், இங்கிலாந்தில் விளையாட்டுகள் விற்கும் 'கேம்ஸ்டேஷன்' என்னும் கடை, தன் இணைய விற்பனை நிபந்தனைகளுக்குள், வாங்குபவர் தம் அழியா ஆன்மாவைக் கோரும் உரிமையைக் கடைக்குத் தருகிறார் என்று ஒரு வரியைச் செருகியது. வேண்டாம் என்று குறியிட இடமும் இருந்தது. குறியிட்டவர்களுக்கு 5 பவுண்டு பரிசுச் சீட்டு. அதைக் கண்டுகொண்டவர் நூற்றுக்குப் பன்னிருவரே. ஏறத்தாழ 7,500 பேர் தங்கள் ஆன்மாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முட்டாள்கள் தினக் கேலிதான். கடையும் அந்த உரிமையைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டது. மறையுரையில் இதைச் சொன்னபோது கோயிலே சிரித்தது. நாமும் சிரித்தோம், அப்போது நமது கைப்பேசியின் கதை நமக்குத் தெரியாது.

நமது நாட்டில் கதை வேறுவிதமாய்ப் போயிற்று. 'பப்ஜி' என்ற பெயரைக் கேளாத வீடு தேனி மாவட்டத்தில் இராது. தென்கொரியாவில் பிறந்து, சீனத்தின் டென்சென்ட் நிறுவனத்தின் வழியாய்க் கைப்பேசிக்கு வந்த அவ்விளையாட்டை, 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் மத்திய அரசு மேலும் 117 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்தது. பயன்படுத்துவோரின் தகவல்கள் நாட்டுக்கு வெளியே களவாக அனுப்பப்படுவதாக வந்த புகார்களை அரசு காரணமாகக் காட்டிற்று. நம் இளைஞர் எதற்குக் கோபம் கொண்டனர்? தகவல் போனதற்கு அன்று, விளையாட்டு போனதற்கு! 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென வேறு பெயரில் அதை வெளியிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பெற்றோரின் எண்ணைத் தரவேண்டும், நாளொன்றுக்கு 3 மணி நேரமே ஆடலாம் என்றெல்லாம் விதித்தது. அதன் முழு வெளியீட்டுக்கு முந்தைய மாதமே, தகவல்கள் சீனத்திலுள்ள கணினிகளுக்குப் போகின்றன என்று செய்தி வந்தது. சில தகவல்கள் மூன்றாம் தரப்பினருக்குப் போனதை ஒத்துக்கொண்ட நிறுவனம், தனியுரிமைக் கொள்கையை மீறி எதுவும் போகவில்லை என்றது. அந்த விடையைச் சற்று நின்று பாருங்கள். நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்பதே அதன் பொருள். ஒப்புக்கொண்டது யார்? ஒன்பதாம் வகுப்புப் பையன்.

சென்னை உயர்நீதிமன்றத்திலும் ஒரு வழக்கு நடந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு ஆதார் கொண்டு சரிபார்த்தல் வேண்டும், நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடலாகாது என்று 2025-இல் தமிழக அரசு கொணர்ந்த விதிகளை எதிர்த்து, விளையாட்டு நிறுவனங்களும் ஆடுவோர் சங்கம் ஒன்றும் அந்தரங்க உரிமையைக் காட்டி வாதிட்டனர். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமை என்று நிலைநாட்டிய அதே உரிமை. அதற்கும் நியாயமான வரம்புண்டு என்று கூறி 2025 ஜூன் 3-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. தீர்ப்பைப் பற்றி நமக்கு மனக்குறை இல்லை. ஆடுபவரைப் பற்றி அனைத்தையும் அறிந்து வைத்திருக்கும் நிறுவனங்களே அவரது அந்தரங்கத்துக்காக வாதாடியதுதான் வியப்பாயிருந்தது.

இவற்றை அன்பியக் கூட்டம் ஒன்றில் நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய முதியவர் ஒருவர், "எங்க தாத்தா காலத்துல ரேகை வைக்க மாட்டோம்னு செத்தே போனாங்க சாமி" என்றார். கூட்டம் அமைதியாயிற்று. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் காட்டி, பிரமலைக் கள்ளர் மக்களின் கைரேகையைப் பதிய வந்த போலீசாருக்கு இணங்க மறுத்து, 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட 15-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் அவ்வூருக்கு நெடுந்தூரம் இல்லை. அவர்களுடைய இரத்தத்தோடு கைப்பேசி விளையாட்டை ஒப்பிடுவது தகாது. அங்கே துப்பாக்கி நின்றது. இங்கே ஒரு வண்டி ஓடுகிறது. ஆயினும், தம் விரலின் கோடு தமக்குரியது என்பதை எழுத்தறியாத அம்மக்கள் அறிந்திருந்தார்கள்.

தகவல் காப்புக்கென 2023-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும் விவரம் அறிந்தும் ஐயத்திற்கிடமின்றியும் தரப்படவேண்டும் என்று அச்சட்டம் கூறுவதை வாசித்தபோது, மேசையைத் தட்டிய நம் ஆசிரியரே எழுதினாரோ என்று தோன்றிற்று. ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வசதி இருக்கவேண்டும். கொடுத்த ஒப்புதலை, கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் இயலவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோரே, சரிபார்க்கத்தக்க விதத்தில், இசைவு தரவேண்டும்.

இங்கேதான் நமக்குக் கவலை. நமது பள்ளத்தாக்கில் எத்தனையோ தாய்மார் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேல் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். அத்தகைய தாய் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "காட்டுல நிக்கும்போது போன்ல ஒரு நம்பர் வந்துச்சு சாமி. பையன் கூப்பிட்டு, அந்த ஓ.டி.பி.யச் சொல்லும்மானான். பள்ளிக்கூடத்துக்குன்னு நெனச்சுச் சொல்லிட்டேன்." அந்த நொடியில் அவர் சட்டப்படி இசைவு தந்த பெற்றோராகிவிட்டார். பையன் பிறந்த ஆண்டை மாற்றி எழுதியது தனிக் கணக்கு. அத்தாயைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை; அவர் ஒரு நம்பரைக் கொடுத்தார், நாம் பங்கையே கொடுத்தோம். அவருடைய பையனைக் கூப்பிட்டு, அம்மா வீட்டுக்கு வந்தபின் அவர் முன்னிலையில் அந்நிபந்தனைகளைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு ஆடு என்று மட்டும் சொன்னோம். மற்றப் பெற்றோர்க்கும் அதையே சொல்கிறோம். அத்தோடு, கைப்பேசியின் அமைப்புகளில் 'அனுமதிகள்' என்றிருக்கும் இடத்தை இன்றே திறந்து, விளையாட்டுக்குத் தேவையற்ற எண்கள், இடம், ஒலிவாங்கி இவற்றை அடைத்துவிடுங்கள்.

நாமும் அடைத்தோம். பக்கத்துச் சொற்களை அழித்தோம். பிறகு, அச்சொற்களுக்கு உரியவர்களை ஒவ்வொருவராய் அழைத்து நடந்ததைச் சொல்லத் தொடங்கினோம். இதுவரை பதினான்கு பேரிடம் பேசியாயிற்று; இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர், "அதுக்கென்ன சாமி, போகட்டும்" என்றார்கள். ஒரு சகோதரி மட்டும், "என் பேருக்குப் பக்கத்துல என்னன்னு எழுதியிருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "ஞாயித்துக்கிழமை பூசைக்கப்புறம் வந்து பாக்குறேன் சாமி" என்று சொல்லி வைத்துவிட்டார்.