விரிந்த உள்ளங்கையும் மூடிய பொறியும்

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டினது, மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. அவற்றைக் காட்டி மேடையில் பெருமை பேசுவோர் பலர். உள்ளே எழுதியிருப்பதை ஊன்றிப் படித்தோர் சிலர்.

முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள், குடும்பு குடும்பாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படுகின்றன. இளையோரும் முதியோருமாக அவை முழுதும் கூடியிருக்கின்றது. ஊரிலுள்ள நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் அவை நடுவே அமர்த்தப்படுகின்றனர். அவருள் மூத்தவர் எழுந்து நின்று, எல்லாரும் காணுமாறு குடத்தைத் தூக்கிப் பிடிக்கின்றார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்கின்றான். அது வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலைக்கப்படுகின்றது. அதிலிருந்து அவன் எடுத்துத் தரும் ஓலையை நடுவன் வாங்குகின்றான். எப்படி வாங்குகின்றான்? ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கின்றான்! கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கவில்லை என்பதை அவையிலுள்ள ஒவ்வொருவரும் தம் கண்ணாற் காணல் வேண்டும். பின்னர் அவன் படிக்கின்றான். அவன் படித்தது போதாதென்று நம்பிமார் அனைவரும் வாங்கிப் படிக்கின்றனர்.

அந்த அவை நான்மறை ஓதியவர்க்கு விடப்பட்ட ஊரின் அவை. கால் வேலிக்கு மேல் நிலமும் மறைப்பயிற்சியும் உள்ள ஆடவர்க்கே அங்கு இடம். உழுதவனுக்கு இடமில்லை, பெண்டிர்க்கு இடமில்லை. ஆகவே அதனை உலகின் முதல் மக்களாட்சி என்று முழங்குவது வரலாற்றுக்குச் செய்யும் இரண்டகமே. ஆயினும் அதனை வகுத்தோர் ஓர் உண்மையைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். தேர்தல் என்பது நம்பிக்கையின்மேல் கட்டப்படுவதன்று, ஐயத்தின்மேல் கட்டப்படுவது. நடுவன் நல்லவன் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை. கையை விரித்துக் காட்டு என்றே எழுதி வைத்தனர்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின், இன்றைய இந்தியத் தேர்தல் எந்தக் கையை விரித்துக் காட்டுகின்றது?

மின்னணு வாக்குப்பதிவுப் பொறி முதன்முதலில் 1982 மே மாதத்தில் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் வைக்கப்பட்டது. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. தேர்தல் ஆணையம் தன் விருப்பப்படி வைத்தது. 123 வாக்கு வேறுபாட்டில் வந்த முடிவை எதிர்த்து வழக்கு எழுந்தது. 1984-இல் உச்சநயன்மன்றம் அச்சாவடிகளின் வாக்குப்பதிவைச் செல்லாதென்று தள்ளி, வாக்குச்சீட்டால் மீண்டும் நடத்துமாறு பணித்தது. மறுவாக்குப்பதிவில் முன்னர்த் தோற்றவரே வென்றார். 1989-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் பொறியால் நடந்தது. 2004-இல் நாடாளுமன்றத் தேர்தல் முழுவதும் அதன் கைக்குச் சென்றது.

பொறியால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையன்று. வாக்குச்சீட்டுக் காலத்தில் சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்தித் தள்ளிய கொடுமையை மறந்தவர் எவருமிலர். பொறி ஒரு மணித்துளிக்கு நான்கு வாக்குகளுக்குமேல் ஏற்பதில்லை. செல்லா வாக்கு என்பதும் ஏறத்தாழ ஒழிந்தது. எழுத்தறியாத ஏழை முதியவர் ஒரு பொத்தானை அழுத்தித் தம் கடமையை முடிக்கின்றார். பொறி எந்த வலையத்தோடும் இணைக்கப்படவில்லை என்பதும் உண்மையே; தொலைவிலிருந்து எவனோ அதனைத் திரித்துவிட்டான் என்று தோற்ற கட்சிகள் கட்டும் கதைகளுக்குச் சான்றில்லை. இக்கட்சிகளின் ஐயமும் வேடிக்கையானது. 2009-இல் தோற்றபோது பாரதிய சனதாக் கட்சியின் அத்துவானி வாக்குச்சீட்டை மீண்டும் கேட்டார். 2014-க்குப் பின் அதே பாட்டைப் பேராயக் கட்சி பாடுகின்றது. வென்றவன் வாயில் ஐயம் பிறப்பதே இல்லை. ஆகவே கட்சிகளின் கூச்சலைப் புறத்தே வைத்து, வாக்காளனுடைய உரிமை யாது என்று மட்டும் எண்ணுதல் வேண்டும்.

பொறிக்குள் இருப்பது ஒரு நுண்சில்லு. சில்லுக்குள் இருப்பது ஒரு நிரல். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தக் கணக்கில் ஒன்று கூடும் என்பதை அந்நிரலே முடிவு செய்கின்றது. அந்நிரலை எழுதியோர் அரசின் இரு நிறுவனங்களைச் சார்ந்தோர். அதன் மூல வடிவத்தை மக்கள் எவரும் கண்டிலர். அதனைத் தனித்து நின்று தணிக்கை செய்ய ஆணையிடுமாறு வேண்டிய வழக்கை 2023 செப்தம்பரில் உச்சநயன்மன்றம் தள்ளிவிட்டது. வெளியிட்டால் தீயோர் அதனைத் தவறாகப் பயன்படுத்துவர் என்பது, மூல நிரலைக் காட்டக் கேட்கும்போதெல்லாம் எழுகின்ற மறுமொழி.

இம்மறுமொழி அறிவியலுக்கு ஒவ்வாதது. பூட்டின் அமைப்பை உலகமே அறிந்திருந்தும் திறவுகோல் இல்லாமல் திறக்க முடியாதிருப்பதே நல்ல பூட்டு. அமைப்பைக் கமுக்கமாக வைத்திருப்பதால் மட்டும் காக்கப்படும் பூட்டு, பூட்டே அன்று. அறிவியல் வளர்ந்ததும் இவ்வழியே. ஒருவர் தாம் கண்டதைக் கண்ட வழியோடு வெளியிடுகின்றார். மற்றொருவர் அதே வழியில் சென்று பார்த்துச் சரியென்கின்றார், அல்லது பிழையென்கின்றார். 'நான் கண்டேன், நீ நம்பு' என்பது மந்திரக்காரன் பேச்சு. மென்பொருள் உலகிலும் இப்போர் நடந்ததுண்டு. நிரல்களைப் பூட்டி வைக்கும் வழக்கத்தை எதிர்த்து அமெரிக்கராகிய இரிச்சர்டு இசுடால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் பகிரலாம் என்னும் அக்கொள்கையில் விளைந்த மென்பொருள்களே இன்று உலகின் பெருங்கணிப்பொறிகளை இயக்குகின்றன. ஆத்திரேலியத் தலைநகர் ஆட்சிப்பகுதி 2001-இல் தன் தேர்தலுக்கு இலினக்சின்மேல் ஓடும் மென்பொருளை அமைத்து, அதன் நிரலை எல்லாரும் காண வெளியிட்டது. பல்கலைக்கழக ஆய்வாளர் அதிற் பிழை கண்டு கூறினர். ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை, பிழை திருந்தியது. அவ்வளவே.

ஆயின் நிரலை வெளியிட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததென்று கருதுவோர் இன்னும் ஒரு படி எண்ணுதல் வேண்டும். வெளியிட்ட நிரல்தான் பொறிக்குள் ஓடுகின்றது என்பதற்கு உறுதி யாது? யூனிக்சை உருவாக்கியோருள் ஒருவராகிய கென் தாம்சன், 1984-இல் வெளிவந்த தம் தூரிங்குப் பரிசுரையில் இதனை அஞ்சத்தக்க தெளிவோடு காட்டினார். மாந்தர் எழுதும் நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றுவது தொகுப்பி என்னும் மற்றொரு நிரல். அத்தொகுப்பியில் கள்ளவழி ஒன்றை ஒளித்து வைத்தால், மூல நிரலை வரி வரியாகப் படித்தாலும் அக்கள்ளம் தென்படாது. ஆனால் இயங்கும் நிரலில் அது இருக்கும். தொகுப்பியையே மீண்டும் தொகுத்தாலும் கள்ளம் தன்னைத்தானே உள்ளே புகுத்திக் கொள்ளும். நிரல் வல்லுநனுக்கே இந்நிலை என்றால், உழவனும் நெசவாளியும் எதனைக் கண்டு தெளிவது?

நிரலே அன்றிப் பொறியின் உறுப்புகளும் மாற்றப்படக் கூடியவை. 2010-இல் அரிபிரசாத்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆல்டர்மன், நெதர்லாந்தின் உரோப்பு கோங்கிரைப்பு ஆகியோரும் உடனுழைத்தோரும் இந்தியப் பொறி ஒன்றைத் திறந்து ஆராய்ந்தனர். எண்ணிக்கை காட்டும் பலகையைப் பார்வைக்கு ஒத்த வேறொன்றால் மாற்றி, பொய்யெண்ணைக் காட்டச் செய்யலாம் என்று மெய்ப்பித்தனர். பொறி கைக்குக் கிட்டினாலன்றி அது இயலாது என்பதையும் சேர்த்தே கூறல் வேண்டும். அவ்வாய்வுக்கு நாடு தந்த பரிசு யாது? பொறியைத் திருடியதாக வழக்குத் தொடுத்து அரிபிரசாத்தைத் தளையிட்டதே! நெதர்லாந்தில் இதே கோங்கிரைப்பின் குழு 2006-இல் அந்நாட்டு வாக்குப்பொறியைச் சதுரங்கம் ஆட வைத்துக் காட்டியது. அந்நாட்டரசு அவரைச் சிறையிடவில்லை. பொறிகளைக் கைவிட்டுத் தாளுக்கும் செந்நிறக் கரிக்கோலுக்கும் திரும்பியது. அயர்லாந்து ஐந்து கோடி யூரோவுக்கு மேல் கொட்டி வாங்கிய பொறிகளை 2012-இல் பழைய இரும்புக்கு விற்றது.

செருமனியில் நடந்தது இவை எல்லாவற்றினும் ஆழமானது. 2005-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அங்கு ஏறத்தாழ இருபது இலக்கம் பேர் பொறிகளில் வாக்களித்தனர். தந்தையும் மகனுமாக இருவர் அதனை எதிர்த்து வழக்கிட்டனர். 2009 மார்ச்சு 3-ஆம் நாள் அந்நாட்டு அரசமைப்பு நயன்மன்றம் தீர்ப்பளித்தது. பொறி தவறாக எண்ணியதற்குச் சான்றில்லை; ஆகவே தேர்தல் முடிவு நிற்கும் என்றது. ஆயினும் அப்பொறிகளைப் பயன்படுத்தியது அரசமைப்புக்கு முரணென்றும் கூறியது. கரணியம் யாது? தேர்தலின் தலையாய படிகளையும் முடிவையும், தனிப்பயிற்சி எதுவும் இல்லாத பொதுக்குடிமகன் தானே சரிபார்க்கக் கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே. வல்லுநர் பார்த்துவிட்டனர், அமைச்சகம் ஒப்புதல் தந்துவிட்டது என்பவை அவ்வுரிமைக்கு ஈடாகா என்றும் அது தெளிவுபடுத்தியது. விரிந்த உள்ளங்கையைத்தான் அந்நடுவர்களும் கேட்டனர்.

இந்திய உச்சநயன்மன்றம் வேறு வழியிற் சென்றது. 2013 அக்தோபரில் ஒப்புகைச் சீட்டு இன்றியமையாததென்று அது கூறியபோது நல்வழி பிறந்ததாகவே தோன்றியது. வாக்காளன் பொத்தானை அழுத்தியதும், அவன் தேர்ந்த சின்னம் அச்சிட்ட சீட்டொன்று கண்ணாடிக்குள் ஏழு நொடி தோன்றிப் பெட்டிக்குள் விழுகின்றது. இச்சீட்டே உண்மையான வாக்கு. ஏனெனில் வாக்காளன் கண்ணாற் கண்டது இஃதொன்றே. சில்லில் ஏறிய எண்ணை அவன் கண்டதில்லை. எண்ணும் சீட்டும் வேறுபட்டால் சீட்டே செல்லும் என்று தேர்தல் நடத்தை விதியும் கூறுகின்றது. அங்ஙனமாயின் சீட்டை எண்ணுதல் வேண்டுமன்றோ? எண்ணுவது எத்தனை? 2019 ஏப்பிரலில் வந்த ஆணைப்படி, ஒரு சட்டமன்றத் தொகுதிப் பரப்புக்கு ஐந்தே சாவடிகள்!

ஐந்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க. ஒரு தொகுதியில் 300 சாவடிகள் உள்ளன என்று கொள்க. அவற்றுள் பத்தில் பொறி பிழைபட்டிருக்கின்றது. குலுக்கி எடுத்த ஐந்தினுள் அப்பத்தில் ஒன்றும் அகப்படாமல் போவதற்கு, நூற்றுக்கு 84 வாய்ப்பு உண்டு. நாடு முழுவதும் சேர்த்தால் பல்லாயிரம் சாவடிகள் ஆய்வுக்கு வருகின்றன, பெருந்திரிபு மறையாது என்று ஆணையம் கூறலாம், அது சரியே. ஆனால் வேட்பாளன் நாடு முழுவதும் தோற்பதில்லை. தன் தொகுதியில் தோற்கின்றான். நூறு வாக்கில் முடிவாகும் தொகுதிக்கும் இலக்கம் வாக்கில் முடிவாகும் தொகுதிக்கும் அதே ஐந்து என்பது எந்தக் கணக்கியலில் உள்ளது? வேறுபாடு குறையக் குறைய எண்ணும் சீட்டு மிகுதல் வேண்டும். மிக நெருங்கிய இடத்தில் எல்லாவற்றையும் எண்ணுதல் வேண்டும்.

எல்லாச் சீட்டையும் எண்ணக் கோரிய வழக்கை 2024 ஏப்பிரல் 26-ஆம் நாள் உச்சநயன்மன்றம் தள்ளியது. சின்னம் ஏற்றும் கருவியை முடிவுக்குப்பின் 45 நாள் காத்து வைக்கவும், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்றோர் பணம் கட்டி நூற்றுக்கு ஐந்து பொறிகளின் சில்லை ஆய்வு செய்யக் கேட்கவும் இடம் தந்தது. ஆய்வு செய்வோர் யார்? அப்பொறிகளைச் செய்த நிறுவனங்களின் பொறியாளரே.

மீண்டும் எண்ணினால் என்ன விளையும் என்பதை அந்நயன்மன்றமே ஒருமுறை கண்டது. அரியானாவின் பானிப்பட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 2022-இல் நடந்த ஊர்த்தலைவர் தேர்தலின் பொறிகள், 2025-இல் உச்சநயன்மன்ற வளாகத்திற்கே கொண்டுவரப்பட்டு எண்ணப்பட்டன. வென்றதாக அறிவிக்கப்பட்டவர் தோற்றிருந்தார்; தோற்றவர் வென்றிருந்தார். அங்குப் பொறி பொய் சொல்லவில்லை. ஒரு சாவடியின் கணக்கை எழுதிய மாந்தர் கை தவறியது. ஆனால் அதனை அறிய ஏறத்தாழ மூன்றாண்டு ஆயிற்று.

சீட்டை எண்ணினால் முடிவு பல நாள் தாழும் என்பது ஆணையத்தின் பெருங்குறை. 2024-இல் தமிழ்நாடு ஏப்பிரல் 19-ஆம் நாள் வாக்களித்தது. சூன் 4-ஆம் நாள் எண்ணினர். வடநாட்டு வாக்குப்பதிவுகள் ஏழு கட்டமாக முடியும் வரை, 46 நாள், இந்நாட்டு மக்களின் வாக்கு அறைக்குள் பூட்டிக் கிடந்தது. வாயிலில் படைவீரர் காத்து நின்றனர். அந்நாற்பத்தாறு நாளைப் பொறுத்திருந்த வாக்காளர், தம் கண்ணாற் கண்ட சீட்டை எண்ணுவதற்கு மேலும் ஐந்தாறு நாள் பொறுக்க மாட்டார் என்று ஆணையம் எந்த ஊரில், எந்த வாக்காளரைக் கேட்டறிந்தது?