வீடியோவை நிறுத்திவிட்டுத் தட்டிப் பாருங்கள்



வெப் டெவலப்மென்ட் பற்றி வரும் கடிதங்களில் ஒரே புலம்பல்தான் திரும்பத் திரும்ப வருகிறது: “வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது சார். தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வரமாட்டேன் என்கிறது.” கல்லூரி மாணவர்களும் இப்படி எழுதுகிறார்கள், வேலையில் சேர்ந்துவிட்டவர்களும் எழுதுகிறார்கள். இவர்களுக்காக இந்த இதழிலிருந்து ‘செய்து பார்’ என்றொரு பகுதியைத் தொடங்குகிறோம்.

டெமோக்கள் மேல் எங்களுக்குக் கோபம் ஒன்றுமில்லை. 2005-ல் டேவிட் ஹைன்மையர் ஹான்சன், ரூபி ஆன் ரெயில்ஸை வைத்து 15 நிமிடத்தில் ஒரு வலைப்பதிவையே கட்டிக் காட்டினார். அந்த வீடியோவைப் பார்த்து ரெயில்ஸ் பக்கம் போனவர்கள் ஏராளம். ஆசையைக் கிளப்புவதில் டெமோவுக்கு நிகர் கிடையாது. ஆனால் செய்து காட்டுகிறவர் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார். எங்கே சறுக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். நமக்கான பாடம் பெரும்பாலும் அவர் சுற்றிப் போன இடத்தில்தான் கிடக்கிறது.

இந்த மாதம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு போட்டோ கேலரி. 2010-ல் ஈதன் மார்கோட் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்று பெயர் சூட்டிய காலத்தில், மொபைலுக்கு ஒன்று, டேப்லெட்டுக்கு ஒன்று, பெரிய திரைக்கு ஒன்று என்று மீடியா குவரிகளை அடுக்கவேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் சிஎஸ்எஸ் கிரிட் வந்து சேர்ந்தது. இப்போது அந்த வேலையை ஒரு வரி செய்கிறது: ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது 240 பிக்சல் கொடு, மிச்சத்தைச் சமமாகப் பங்கு போடு, எத்தனை நெடுவரிசை என்பதை நீயே பார்த்துக்கொள். ‘ரிபீட்’, ‘ஆட்டோ-ஃபிட்’, ‘மின்மேக்ஸ்’ என்ற மூன்று சொற்களுக்குள் இத்தனையும் அடங்கிவிடுகிறது. முழு வரி இதழின் உள்ளே இருக்கிறது.

பல வீடியோக்கள் இந்த இடத்தில் முடிந்துவிடும். நீங்கள் இங்கிருந்து தொடங்குங்கள். படங்களை ஒவ்வொன்றாக அழித்து இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். அகலமான திரையில் அவை ஊதிப் பெருத்து வரிசை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இனி ‘ஆட்டோ-ஃபிட்’டை ‘ஆட்டோ-ஃபில்’ என்று மாற்றுங்கள். படங்கள் சுருங்கி இடப்பக்கம் ஒதுங்கும். வலப்பக்கம் வெறிச்சென்று கிடக்கும். முன்னது ஆளில்லாத நெடுவரிசைகளை மடக்கிவிடுகிறது. பின்னது அவற்றுக்கும் இடம் பிடித்து வைக்கிறது. எஃப்12 தட்டி டெவலப்பர் டூல்ஸில் கிரிட் கோடுகளைப் போட்டுக் காட்டச் சொன்னால், அந்தக் காலி நெடுவரிசைகள் கண்ணுக்கே தெரியும். வரிசைகள் நிரம்ப நிரம்பப் படம் வைத்த டெமோவில் இந்த வித்தியாசம் வெளியே வரவே வராது.

அடுத்தது தமிழ். டெமோக்களில் ‘லோரம் இப்சம்’ என்று குட்டிக் குட்டி லத்தீன் சொற்களாக நிரப்பியிருப்பார்கள். எல்லாம் அழகாக உட்காரும். அதை எடுத்துவிட்டு ‘புகைப்படக்கலைஞர்களுக்கான’ என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் தலைப்பு கொடுங்கள். சொல் பெட்டியைத் தாண்டிப் பக்கத்துப் பெட்டிக்குள் புகுந்துவிடும். பிரவுசர் சொல்லின் நடுவே தானாக வெட்டாது. ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ கொடுத்தால் வெட்டும். வழிவது நிற்கும், ஆனால் இணைப்புக்கோடு கூட இல்லாமல் இரண்டாகக் கிடக்கும் சொல் படிக்கக் கண்றாவியாக இருக்கும். எழுத்தைச் சிறிதாக்குவதா, தலைப்பையே மாற்றி எழுதுவதா? எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு. தமிழ்த் தளங்களில் பொத்தானுக்கு வெளியே பிதுங்கி நிற்கும் சொற்களைப் பார்க்கும்போதெல்லாம், இதைத் தமிழில் ஒருமுறையாவது சோதித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏஐ-யிடம் கேட்டால் அந்த ஒரு வரி நொடியில் வந்துவிடும் என்பது தெரியும். வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. மேலே சொன்ன கலைப்பு வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்காதீர்கள். லேப்டாப் இல்லாதவர்கள் மொபைல் பிரவுசரில் கோட்பென் தளத்தைத் திறந்தும் செய்யலாம்; அகலமான திரையும் எஃப்12-உம் தேவைப்படும் பகுதி மட்டும் அதில் சரியாகத் தெரியாது.

ஒரு வீட்டுப்பாடமும் உண்டு. இதே கேலரியை 200 பிக்சல் அகலமுள்ள பெட்டிக்குள் வையுங்கள். என்ன ஆகிறது, ஏன் ஆகிறது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். சரிசெய்ய முடியாமல் போனாலும் உடைந்த நிரலை அப்படியே அனுப்புங்கள். அடுத்த இதழில் கன்டெய்னர் குவரியோடு சேர்த்து அதையும் பிரித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்