ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் டர்போவும் ஓசூர் காற்றும்

போன செமஸ்டர் லீவில் கிருஷ்ணகிரியில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். பெரியப்பா பையனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. ஒரு பழைய 1 லிட்டர் பெட்ரோல் கார். டீசல் அடிக்கிற காசை மிச்சம் பண்ண நாலு பேர் சேர்ந்து போவார்கள்னு எழுத வந்தேன், பெட்ரோல் காசுனு திருத்திப் படிச்சுக்கோங்க. அண்ணனுக்கு ஒரே ஒரு நிரந்தரப் புகார்தான்: "நாலு பேரை ஏத்திட்டு மேலுமலை ஏத்தத்துல ஏசி போட்டா வண்டி முக்குதுடா."

அதற்கு மருந்து என்று ஆன்லைனில் ஒரு 'எலெக்ட்ரிக் டர்போ' வாங்கி வைத்திருந்தார். 1500 ரூபாய். என்ஜினியரிங் படிக்கிற தம்பி வீட்டுக்கு வந்தா சும்மா விடுவாங்களா? மாட்டிக் கொடு என்று கையில் கொடுத்துவிட்டார்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஃபேன். ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் பைப்பை வெட்டிச் செருக வேண்டும், 12 வோல்ட் வயர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாட்டினோம். ஓ.பி.டி. ரீடரைப் போனில் இணைத்து, என்ஜின் உள்ளே இழுக்கும் காற்றின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே ஓசூர் வரை போனோம். காலை முழுசா அழுத்தினால் ஃபேன் இல்லாமல் வந்த அளவைவிட ஃபேனோடு வந்த அளவு கொஞ்சம் குறைவு. அதாவது அந்த ஃபேன் காற்றைத் தள்ளவில்லை, வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அண்ணன் சொன்னது: "சத்தம் வருது, காத்து வருது, வண்டி மட்டும் வரல."

ஏன் வராது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 4000 ஆர்.பி.எம்.மில் ஒரு 1 லிட்டர் என்ஜின் ஒரு விநாடிக்கு 30 லிட்டருக்குப் பக்கமாகக் காற்றை விழுங்கும். அந்தக் காற்றை ஒன்றரை மடங்குகூட வேண்டாம், 1.4 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றுவதற்கே மோட்டாருக்கு 2 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 190 ஆம்பியர். இந்த மாதிரி சின்ன காரின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகக் கொடுப்பதே 70 ஆம்பியர் சுற்றுவட்டாரம்தான். நாங்கள் மாட்டிய ஃபேனோ 4 ஆம்பியர் இழுத்தது, சுமார் 50 வாட். வீட்டு சீலிங் ஃபேன் சக்தியை வைத்துக்கொண்டு டர்போ என்று பெயர் வைக்கிறார்கள். இது தெர்மோடைனமிக்ஸ் முதல் யூனிட்டிலேயே அடிபட்டுப் போகிற பொய்.

இதோடு நிறுத்திவிட்டால் 'எலெக்ட்ரிக் டர்போ என்பதே டுபாக்கூர்' என்று ஆகிவிடும். நம்ம கிளாஸில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தப்பு.

2016-இல் வந்த ஆடி எஸ்.க்யூ.7 காரில், 4 லிட்டர் டீசல் வி8 என்ஜினில், இரண்டு சாதாரண டர்போக்களோடு மூன்றாவதாக ஒரு மின் கம்ப்ரஸர் இருந்தது. 48 வோல்ட், 7 கிலோவாட். கால் விநாடிக்குள் 70,000 ஆர்.பி.எம்.மைத் தொட்டுவிடும். சாதாரண டர்போ எக்ஸாஸ்ட் புகையை நம்பி இருக்கிறது. புகை வேகம் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், அதைத்தான் டர்போ லேக் என்கிறோம். மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. 2022-இல் மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. சி43 இன்னொரு படி போய், 4 சென்டிமீட்டர் தடிமன் உள்ள மோட்டாரை டர்போவின் ஷாஃப்ட் மேலேயே உட்கார வைத்தது. ஃபார்முலா ஒன்னில் 2014 முதல் 2025 வரை எம்.ஜி.யூ.எச். என்ற பெயரில் ஓடியது இதே யோசனைதான். செலவும் சிக்கலும் அதிகம் என்று 2026 விதிகளில் அதைத் தூக்கிவிட்டார்கள். 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் ஹோண்டா மின் கம்ப்ரஸர் வைத்த மூன்று சிலிண்டர் பைக் என்ஜினையே காட்டியது.

இந்த ரோடு வண்டிகளில் ரகசியம் ஃபேனில் இல்லை, வோல்டேஜில் இருக்கிறது. 48 வோல்ட் என்றால் அதே 2 கிலோவாட்டுக்கு 190 ஆம்பியர் போய் 47 ஆம்பியர்தான். வயர் மெலியும், சூடு குறையும். 60 வோல்ட் டி.சி.க்குக் கீழே இருப்பதால் பெரிய ஈ.வி. கார்களில் இருக்கிற ஆரஞ்சு கேபிள் கெடுபிடியும் இல்லை.

இப்போ ஓசூருக்கு வருவோம். 1980-இல் டி.வி.எஸ். 50 இங்கேயிருந்து வெளியே வந்தது, அதே ஆண்டில் அசோக் லேலண்டும் இங்கே ஆலை போட்டது. என்ஜின் தெரிந்த கைகள் இந்த ஊரில் இரண்டு தலைமுறையாக இருக்கின்றன. 2021-இலிருந்து ஏத்தர் ஸ்கூட்டர்கள் ஓசூரில் தயாராகின்றன, அந்தப் பக்கம் போச்சம்பள்ளியில் ஓலா. இந்த ஸ்கூட்டர் பேட்டரிகள் எத்தனை வோல்ட்? 50-ஐச் சுற்றித்தான். மின் கம்ப்ரஸருக்கு வேண்டிய அதே வோல்டேஜ். ஆக, இந்தப் பொருளின் இரண்டு பாதியும் அரை மணி நேர பஸ் தூரத்துக்குள் இருக்கின்றன. நம்ம காலேஜில் மட்டும் மெக்கானிக்கல் பிளாக்குக்கும் ஈ.ஈ.ஈ. பிளாக்குக்கும் நடுவில் அத்திப்பள்ளி செக்போஸ்ட் மாதிரி ஒன்று இருக்கிறது.

நான் இதை ஃபைனல் இயர் பிராஜெக்ட்டாக எடுத்துப் போனபோது கேட்ட முதல் கேள்வி: "ஐ.சி. என்ஜின் டாபிக் எடுத்தா இன்டர்வியூவில் யாருப்பா மதிப்பாங்க? பேட்டரி மேனேஜ்மென்ட் பண்ணேன்." இரண்டாவது, டிபார்ட்மென்ட் தாண்டி டீம் போட முடியாது என்பது. இந்தக் கட்டுரை எழுதுவதே இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத்தான்.

அண்ணன் காரில் போனபோது இன்னொரு விஷயம் கவனித்தேன். என்ஜினை ஆஃப் பண்ணி சாவியை மட்டும் ஆன் செய்தால் அந்த சென்சார் வெளிக் காற்றின் அழுத்தத்தைக் காட்டும். கிருஷ்ணகிரியில் 95 கிலோபாஸ்கல், ஓசூரில் 91. கடல் மட்டத்தில் 101. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இல்லையா, அதனால் டர்போ இல்லாத எந்த பெட்ரோல் காரும் சென்னையில் கொடுக்கிற சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இங்கே இழக்கிறது. அண்ணன் புகாரில் கொஞ்சம் நியாயம் இருக்கு! (ஈ.வி. ஸ்கூட்டருக்கு இந்தக் கவலை கிடையாது. மோட்டார் மூச்சு விடுவதில்லை.)

டர்போ பிரபலமானதே இந்த உயரப் பிரச்சினையால்தான். சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905-இலேயே காப்புரிமை வாங்கினார். ஆனால் 1918-இல் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான என்ஜினை லாரியில் ஏற்றி, அமெரிக்காவில் 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய் டர்போவோடு ஓட்டிக் காட்டினார். கூடுதல் சக்தி வேண்டும் என்பதைவிட, இழந்த காற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சோதனை.

என் பிராஜெக்ட்டும் அவ்வளவுதான். 91-ஐ 101 ஆக்குவது. அதற்கு மேல் ஒரு பாஸ்கல் வேண்டாம். இதற்கு மோட்டார் 600 வாட் இழுத்தால் போதும். 50 வோல்ட்டில் 12 ஆம்பியர். மேலுமலை ஏற்றத்துக்கு ஐந்து நிமிஷம் ஓடினால் 50 வாட்-ஹவர், ஒரு 3 கிலோவாட்-ஹவர் ஸ்கூட்டர் பேட்டரியில் அறுபதில் ஒரு பங்கு. பதிலுக்கு என்ஜினிலிருந்து சுமார் 3 கிலோவாட் திரும்பி வரும். ஓசியில் இல்லை, கூடுதல் காற்றுக்கு ஏற்றபடி கூடுதல் பெட்ரோல் எரிந்து வருகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பாதுகாப்பு. டர்போ இல்லாத காரின் அழுத்த சென்சார் கடல் மட்ட அழுத்தத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். அதைத் தாண்டிக் காற்றைத் திணித்தால் ஈ.சி.யூ.வுக்குக் கண் தெரியாது, பெட்ரோல் பத்தாது, நாக்கிங் வரும், பிஸ்டன் உருகும். 101-க்குள் நின்றால், அந்த என்ஜின் சென்னையில் தினமும் பார்க்கிற நிலைமைதான் அது.

இதற்கு எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணா ஒரே வரியில் ஒரு மறுப்பு சொன்னார்: "ஒரு கியர் குறைச்சா முடிஞ்சுது." பெரும்பாலான நேரம் அது சரி. ஒத்துக்கொள்கிறேன். அண்ணன் காருக்கு இதைச் செய்யப் போவதும் இல்லை. ஆர்.சி.யில் உள்ளபடி கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இது லேப் டைனமோமீட்டர் மேல் நிற்கிற என்ஜினுக்கு. 91 கிலோபாஸ்கல் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. சென்னைக் காலேஜ்காரன் இதைச் சோதிக்க உயர அறை கட்ட வேண்டும்.

இன்டர்வியூவில் யார் மதிப்பார்கள் என்ற கேள்விக்கு: 2023 பிப்ரவரியில் ரிலையன்ஸும் அசோக் லேலண்டும் ஹைட்ரஜனை எரிக்கிற என்ஜின் வைத்த கனரக லாரியைக் காட்டினார்கள். நைட்ரஜன் ஆக்சைடு குறைய ஹைட்ரஜனை நிறையக் காற்றோடு எரிக்க வேண்டும். காற்றை எப்படித் தருவது என்பதுதான் அங்கே தலைவலி. ஃப்யூயல் செல் வண்டியில் எக்ஸாஸ்ட் புகையே இல்லை, காற்றைத் தள்ளுவது மின் கம்ப்ரஸர்தான். கம்ப்ரஸர் மேப் படிக்கவும் மோட்டார் கன்ட்ரோலர் ட்யூன் பண்ணவும் தெரிந்த ஒருத்தனுக்கு அங்கெல்லாம் வேலை இருக்கு. பேட்டரி மேனேஜ்மென்ட் நல்ல டாபிக்தான், ஆனா எங்க பேட்ச்ல அதைப் பதினோரு டீம் எடுத்திருக்கு.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை, வேண்டுகோள்தான். டீமில் இரண்டு டிபார்ட்மென்ட் ஆட்கள் இருக்கலாம், ரெண்டு கைடு கையெழுத்துப் போடலாம் என்று ஒரு சர்க்குலர் போதும். மார்க் எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார்கள். பாதிப் பாதி பிரிங்க சார்.

அதுவரை நானும் என் ரூம்மேட்டும் ஆரம்பித்துவிட்டோம். அண்ணனுடைய 1500 ரூபாய் ஃபேன் இப்போ லேப் ஜன்னலில் சாலிடரிங் புகையை வெளியே தள்ளுகிறது, அந்த வேலைக்கு அது அருமை. பிரஷ்லெஸ் மோட்டார் கன்ட்ரோலர் புரோகிராம் பண்ணத் தெரிந்த ஈ.ஈ.ஈ. மூன்றாம் ஆண்டு ஆள் ஒருத்தர் வேண்டும். புதன், வெள்ளி மதியம் ஐ.சி. என்ஜின் லேபில் இருப்போம்.