ஆலோசகரை அழைக்குமுன்

சங்கத்தின் கணக்கு சரிவரவில்லை. அங்கத்தவர் கூட்டத்துக்கு வருவதில்லை. உதவி வழங்குவோர் கேள்வி கேட்கின்றனர். இந்நிலையில், முகாமைத்துவ ஆலோசகர் ஒருவரை அழைப்போம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அது தவறன்று. ஆனால் எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, எந்த அடிப்படையில் கட்டணம் என்பவற்றைத் தீர்மானித்த பின்னரே அழைக்க வேண்டும். இதற்கான பாடம் நமது தோட்டங்களிலேயே உண்டு.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான பெருந்தோட்டங்கள் பெரும் நட்டத்தில் வீழ்ந்தன. 1992இல் அவை 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, நிர்வாகம் தனியார் முகாமைக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமை அரசிடம், நடத்துவோர் வெளியார். ஒப்பந்தம் ஐந்தாண்டு, கட்டணம் இலாபத்தோடு பிணைந்தது.

தேயிலையின் காலக் கணக்கோ வேறு. பழைய செடியைப் பிடுங்கி, மானாப் புல் வளர்த்து மண்ணைத் திருத்த ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள். நட்ட கன்று ஒழுங்காகக் கொழுந்து தர மேலும் மூன்று, நான்கு ஆண்டுகள். ஐந்தாண்டில் கணக்கு முடிப்பவருக்கு மீள்நடுகையில் என்ன அக்கறை இருக்க முடியும்? 1995 முதல் கம்பனிகளின் 51 சதவீதப் பங்குகள் விற்கப்பட்டன. காணிக் குத்தகை 2045 வரை செல்கிறது. அந்த ஒப்பந்தங்களில் லயத்தில் வாழ்வோர் ஒரு தரப்பல்லர். விளைவோடு வாழ்வோர் அவர்களே.

ஆலோசகர் சொல்லிவிட்டுப் போகிறவர். முகாமைக் கம்பனி நடத்துவது. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இவர் போன பின் விளைவைச் சுமப்பவர் யார்?

ஆகவே அக்கரப்பத்தனையின் ஒரு மாதர் சங்கமோ சேமிப்புக் குழுவோ, முதலில் தன் பிரச்சினையை அங்கத்தவர் கூடி ஒரே தாளில் எழுதட்டும். சிலவேளை அக்கூட்டமே அதைத் தீர்த்துவிடும். அடுத்து, ஆலோசகர் முன்னர் பணிபுரிந்த சங்கங்களுக்குச் சென்று, தலைவரை மட்டுமன்றிச் சாதாரண அங்கத்தவரையும் விசாரிக்க வேண்டும். பேசியவரே வேலைக்கும் வருவாரா என்பதை உறுதிசெய்ய வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கை ஆறு மாதம் கழித்து, மாற்றத்தைக் கண்டபின் கொடுப்பது நன்று. அறிக்கை தமிழில் அமைய வேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பெண்களோடு அமர்ந்து பேச விரும்பாதவர் நமக்கு உதவார்.

உதவி வழங்குவோரே ஆலோசகரைத் தெரிந்து அனுப்பும்போது நாம் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். பணம் அவர்களுடையதாக இருக்கலாம், சங்கம் நம்முடையது. வருபவரின் தகுதிகளைக் கேட்கவும், பொருந்தாவிடின் மரியாதையுடன் மறுக்கவும் நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தாத சங்கத்தை எந்த ஆலோசகராலும் திருத்த இயலாது.