கம்பெனி செய்தால் புதுமை! பட்டறை செய்தால் குற்றமா?

பழைய கார் ஒன்று நிற்கிறது. உடல் உறுதியாக இருக்கிறது. உள்ளே எஞ்சின் ஓய்ந்துவிட்டது. எடைக்குப் போடு என்கிறார் ஏடு படித்தவர். இறக்கிப் பார்ப்போம் என்கிறார் எண்ணெய்க் கறை படிந்த கையினர். வேறோர் எஞ்சினைத் தேடிப் பிடித்து, ஏற்றிப் பூட்டி, ஓட்டியும் காட்டுகிறார். அந்தக் கைக்கு நாடு தரும் பட்டம் என்ன? சட்டத்தை மீறியவர்!

மிகைப்படுத்துகிறோமா? இல்லை, தோழர்களே! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தக் கடிவாளத்தை இறுக்கியது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது.

சட்டம் சொல்வது இது. சரித்திரம் சொல்வது என்ன? அம்பாசிடரைப் பாருங்கள்! 1958-இல் வந்த கார்; இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு தந்த உடல். முதலில் 1476 சி.சி. எஞ்சின், அடுத்த ஆண்டே 1489 சி.சி. எஞ்சின். பின்னர் டீசல் எஞ்சின். 1990-களில் ஜப்பானிய இசுசு எஞ்சின், ஐந்து கியர் பெட்டியோடு! 2014-இல் உற்பத்தி நிற்கும் வரை உடல் ஏறத்தாழ அதே உடல். உயிர் மட்டும் மாறி மாறி வந்தது. கம்பெனி மாற்றியபோது அதற்குப் பெயர் முன்னேற்றம். டீசல் மலிவாக இருந்த நாளில், டாக்சிக்காரரின் பிழைப்புக்காகப் பட்டறைத் தொழிலாளி மாற்றினால் மட்டும் அத்துமீறலா?

கண்டதைக் கண்டபடி பூட்டலாம் என்று நாம் வாதாடவில்லை. எஞ்சின் மாற்றம் நான்கு போல்ட்டு வேலையன்று. கனமான டீசல் எஞ்சின் ஏறினால் முன் சஸ்பென்ஷன் தாழும். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழல்வது. பெட்ரோலுக்கு அமைந்த டிபரன்ஷியலோடு சேர்த்தால், வேகம் எடுக்குமுன்னே எஞ்சின் அலறும். இழுவிசை கூடினால் பழைய கியர்ப் பற்கள் உடையும். வேகம் கூடினால் பழைய டிரம் பிரேக் திணறும். தெருவில் நடப்பவர் உயிரும் உயிர்தானே! ஆர்.சி. புத்தகத்தில் ஓர் எஞ்சின் எண், வண்டியில் வேறோர் எண் என்றால் திருட்டு வண்டிக்கும் அது திரையாகும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்சு தகராறும் எழும்.

ஆகவே சோதனை வேண்டும். அதைத்தான் நாமும் கேட்கிறோம்! அதே 52-ஆவது பிரிவு, மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் மாற்ற, அனுமதி பெற்ற கிட் பூட்ட வழிவிட்டிருக்கிறதே! கிட் விற்கும் முதலாளிக்குத் திறந்த கதவு, கைத்திறன் ஒன்றையே முதலாய்க் கொண்ட தொழிலாளிக்கு மட்டும் ஏன் சாத்தியிருக்க வேண்டும்?

எடை, பிரேக், புகை, எஞ்சின் எண் நான்கையும் சோதியுங்கள். பட்டறைக்காரருக்குப் பயிற்சி கொடுங்கள், உரிமம் கொடுங்கள், அவர் கையெழுத்துக்கு அவரையே பொறுப்பாளியாக்குங்கள். தேறினால் ஆர்.சி. புத்தகத்தில் பதியுங்கள், தேறாவிட்டால் தெருவில் விடாதீர்கள்.

தடை போட்டால் வேலை நிற்பதில்லை, இருட்டுக்குப் போகிறது. இருட்டில் பூட்டிய எஞ்சினை எவர் சோதிப்பார்? வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள் என்கிறோம். கைத்திறனுக்குக் காவல் வேண்டும்; விலங்கு வேண்டாம்!