திரிபுரா – அகர்தலா: ஒரு மார்க் பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கம் காலை நடை முடிந்து நாங்கள் நாலைந்து பேர் காபி குடிக்கும் டிபன் கடை ஒன்று உண்டு. அங்கே இட்லி பரிமாறுகிற பையனை எல்லோரும் "டேய் நேபாளி" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் "தம்பி" என்பேன். ஆனால் மனசுக்குள் நானும் அவனை நேபாளக்காரன் என்றே வைத்திருந்தேன். போன வருஷம் ஒருநாள் "உங்க ஊர் காத்மாண்டுவா தம்பி?" என்று கேட்டேன். மேஜையைத் துடைத்துக்கொண்டே, "நேபாள் இல்ல ஆன்ட்டி. திரிபுரா. இந்தியா" என்றான்.

கடைசியில் அந்த "இந்தியா"வைத் தனியாகச் சேர்த்துச் சொன்னான் பாருங்கள், சுருக்கென்றது. எத்தனை பேரிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பான்!

நான் 34 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள். மாநிலங்களும் தலைநகரங்களும் பாடம் எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! "திரிபுரா – அகர்தலா" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். ஒரு மார்க். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி அவர்களுக்கு நான் ஒரு வரி சொன்னதில்லை. எனக்கே தெரியாதே, எங்கே சொல்வது?

அன்று வீட்டுக்கு வந்து அட்லஸை எடுத்தேன். மூன்று பக்கமும் வங்கதேசம் சூழ்ந்திருக்க, நடுவில் நாக்கு நீட்டியதுபோல் ஒரு துண்டு நிலம். பரப்பு 10,491 சதுர கிலோமீட்டர். கோவாவும் சிக்கிமும்தான் இதைவிடச் சிறிய மாநிலங்கள். கொல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். ரயில் என்றால் வடக்கே சிலிகுரி போய், அசாம் வழியாகச் சுற்றி 1,500 கிலோமீட்டருக்கு மேல். பிரிவினையில் கோடு போட்டவர்கள் பாதையை அப்படி வெட்டிவிட்டார்கள். மன்னராட்சியாக இருந்த ஊர் 1949 அக்டோபர் 15-ல் இந்தியாவோடு இணைந்தது. 1972 ஜனவரி 21-ல் மணிப்பூர், மேகாலயாவோடு சேர்ந்து முழு மாநிலமானது.

படிக்கப் படிக்க ஆசை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முதலில் முறைத்தார். "காசி, கயா போகலாம் என்றால் சரி, அங்கே என்ன இருக்கிறது?" என்றார். எப்படியோ சம்மதிக்க வைத்து இந்த ஜனவரியில் போய் வந்தோம். இந்த ஊருக்கு ஐ.எல்.பி. என்கிற நுழைவு அனுமதிச் சீட்டும் வேண்டாம். அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூருக்குத்தான் அது தேவை.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது உனகோட்டி. அகர்தலாவிலிருந்து ரயிலேறி, மலைகளைக் குடைந்த பாதையில் போய், தர்மநகரில் இறங்கி, காரில் போனோம். காட்டுக்குள் படி இறங்கினால் பாறை முழுக்க முகங்கள். ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் செதுக்கியவை என்கிறார்கள். நம் மாமல்லபுரத்தோடு ஏறத்தாழ ஒரே காலம். நடுவில் உனகோட்டீஸ்வர காலபைரவர். சுமார் 30 அடி உயரம், அதில் தலை அலங்காரம் மட்டுமே 10 அடி. கீழே மண்ணில் பாதி புதைந்த நந்திகள். சற்றுத் தள்ளிப் பிள்ளையார். பாறை மேல் ஓடை வழிந்து இறங்குகிறது. மாமல்லபுரத்துச் சிற்பியின் நுணுக்கம் இங்கே கிடையாது. அகன்ற கண், தடித்த உதடு, பழங்குடி மக்களின் முகம். அதனாலேயே கிட்டத்தில் நின்றால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, பிரியமாகவும் இருக்கிறது.

பெயருக்கு ஒரு கதை. சிவபெருமான் ஒரு கோடி தெய்வங்களோடு காசிக்குப் போகும் வழியில் இங்கே தங்கினாராம். விடிவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று கட்டளை. விடியலில் அவரைத் தவிர ஒருவரும் எழவில்லை. கல்லாகக் கிடங்கள் என்று சபித்துவிட்டுத் தனியாகப் போய்விட்டார். ஆக மிச்சம் ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. ஊன கோடி. நம் தமிழில் "ஊனம்" என்கிறோமே, அதே சொல்தான். தமிழ் வாத்தியாரம்மாவுக்கு இந்த இடத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. (வகுப்பில் லேட்டாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எவ்வளவு நல்ல கதை! ரிட்டயர்டு ஆன பிறகு கிடைத்து என்ன பயன்?) யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2022-ல் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று கூட்டமே இல்லை. பங்குனி, சித்திரை வாக்கில் அசோகாஷ்டமித் திருவிழாவுக்கு மட்டும் ஊரே திரளுமாம்.

அடுத்து உதய்பூர் மாதாபாரி கோயில். ராஜஸ்தான் உதய்பூர் இல்லை, அகர்தலாவிலிருந்து 55 கிலோமீட்டரில் இருக்கிற பழைய தலைநகரம். 1501-ல் தன்ய மாணிக்யா மன்னர் கட்டியது. சக்தி பீடங்களில் ஒன்று. அம்மன் பெயர் திரிபுரசுந்தரி. திருவான்மியூரில் நாம் கும்பிடுகிற அம்மன் பெயரும் அதுதானே! கோயில் இருக்கும் மேடு ஆமை முதுகு போல இருக்கும் என்பார்கள். பின்னால் குளத்தில் நிஜ ஆமைகளே இருக்கின்றன, பொரி போட்டால் வருகின்றன. பிரசாதம் பால்கோவா போன்ற பேடா. அதற்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள், நம் பழனிப் பஞ்சாமிர்தம் போல.

நீர்மஹால் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. ருத்ரசாகர் ஏரி நடுவில் வீர விக்ரம கிஷோர் மாணிக்யா மன்னர் கட்டிய கோடை அரண்மனை. 1930-ல் தொடங்கி 1938-ல் முடிந்தது. படகில்தான் போக வேண்டும். ஏரி வண்டல் படிந்து சுருங்கி வருகிறது என்பதுதான் வருத்தம். போரூர் ஏரியை தினம் பார்க்கிற நமக்கு அது புதிதா என்ன!

அகர்தலாவில் உஜ்ஜயந்தா அரண்மனை இப்போது மாநில அருங்காட்சியகம். ரவீந்திரநாத் தாகூருக்கும் இந்த அரச குடும்பத்துக்கும் நெருக்கம் அதிகம். கோயிலில் உயிர்ப்பலியை நிறுத்திய கோவிந்த மாணிக்யா மன்னரை வைத்துத்தான் அவர் "ராஜரிஷி" நாவலும் "விசர்ஜன்" நாடகமும் எழுதினார். எஸ்.டி.பர்மன் இந்த அரச குடும்பத்துப் பிள்ளை என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் ரேடியோவில் அவர் பாட்டைக் கேட்டிருக்கிறேன்!

இன்னொன்று சொல்ல வேண்டும். 1971-ல் வங்கதேசப் போரின்போது 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் திரிபுராவுக்குள் வந்தார்கள். அப்போது மாநிலத்தின் சொந்த மக்கள்தொகையே 15 லட்சத்துச் சொச்சம்தான். வீட்டில் இருப்பவர்கள் அளவுக்கு விருந்தாளி வந்தால் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு, இருந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பிரிவினைக்குப் பிறகு வந்து குடியேறியவர்களால் கொக்பொரோக் பேசுகிற பழங்குடி மக்கள் சொந்த மண்ணிலேயே சிறுபான்மை ஆனதும் நடந்திருக்கிறது. அந்த வலியும் அங்கே உண்டு. இதில் ஒரு வரியாவது பாடப்புத்தகத்தில் இருந்திருந்தால், "டேய் நேபாளி" என்று கூப்பிட நாக்கு எழுமா?

அவர்கள் அந்நியர்களும் இல்லை. ரியாங் பெண்கள் ஆடும் ஹோஜாகிரி நடனம் பார்த்தோம். மண்குடத்தின் மேல் ஏறி நின்று, தலையில் பாட்டில், அதன் மேல் எரியும் விளக்கு. இடுப்புக்குக் கீழேதான் அசைவு. நம் கரகாட்டம் ஞாபகம் வந்தது. பெர்மா என்று புளிக்கவைத்த மீன் போட்டுச் சமைக்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை. 2009 சென்னை ஓப்பன் டென்னிஸ் இறுதிப் போட்டி வரை போய் நாம் கைதட்டிய சோம்தேவ் தேவ்வர்மன் திரிபுரா வம்சாவளிதான். ரியோ ஒலிம்பிக்கில் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்ட தீபா கர்மாகர் அகர்தலாப் பெண். அவர்களைக் கொண்டாடத் தெரிந்த நமக்கு, இட்லி வைக்கிற பையனின் ஊரைக் கேட்கத் தெரியவில்லை.

டிராவல்ஸ்காரர்களிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. "வடகிழக்கு டூர்" என்று நோட்டீஸ் அடிப்பார்கள். பார்த்தால் குவஹாத்தி, ஷில்லாங், சிரபுஞ்சி, காசிரங்கா. முடிந்தது வடகிழக்கு! கேட்டால் "திரிபுராவுக்கு ஆள் சேராது மேடம்" என்கிறார்கள். சொல்லாமலே ஆள் எப்படிச் சேரும்?

போக நினைப்பவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். சுத்த சைவக்காரர்கள் ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போனால் நல்லது. சோறு தாராளமாகக் கிடைக்கும். சீசனில் போகிறவர்கள் குயின் அன்னாசியை விடாதீர்கள்.

திரும்பி வந்ததும் போனில் உனகோட்டி படங்களை அந்தத் தம்பியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "நான் இதைப் பாத்ததே இல்ல ஆன்ட்டி. எங்க வீடு தெற்கு பக்கம்" என்றான். சென்னைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறதாம். மாமல்லபுரமாவது பார்த்தாயா என்று கேட்டேன். லீவு ஏது என்று சிரித்தான். முதலாளியிடம் பேசிவிட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை அவனையும் கூட வேலை செய்கிற இரண்டு பையன்களையும் அழைத்துப் போகிறோம். புளிசாதம் என் பொறுப்பு.