பூச்சு முந்தட்டும், பொறிப்பு பிந்தட்டும்

மரப்பேனாவில் பெயர் பொறிப்பதாக இருந்தால் வெறும் மரத்திலேயே லேசரை ஓட்டிவிட வேண்டும், மெருகுப் பூச்சு அதற்குப் பிறகுதான் என்பது பேனா கடைவோர் பலரிடம் விதிபோல நிலைத்துவிட்டது. மேலே ஏறும் பூச்சு எழுத்தையும் சேர்த்துக் காக்கும், முடித்த பூச்சின் மேல் லேசர் பட்டால் பூச்சு பொசுங்கிவிடும் என்று இரண்டு காரணம் சொல்கிறார்கள். சூப்பர் குளூவைப் படலம் படலமாக ஏற்றிக் கண்ணாடிபோல் பளபளக்க வைக்கும் பேனாக்களுக்கு இந்த வரிசை பொருந்தாது என்பதே என் வாதம்.

லேசர் மரத்தைச் செதுக்குவதில்லை, எரிக்கிறது. எரியும் மரத்திலிருந்து தாரும் கரியும் கலந்த புகை எழுந்து, எழுத்தைச் சுற்றிப் பழுப்புக் கறையாகப் படிகிறது. மஞ்சக்கடம்பு, மேப்பிள் போன்ற வெளிர்மரங்களில் அது பளிச்சென்று தெரியும். வெறும் மரத்தின் துளைகள் திறந்தே கிடப்பதால் கறை உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு உப்புத்தாளைத் தவிர வழியில்லை. தேய்க்கத் தேய்க்கக் கரித்தூள் பக்கத்துத் துளைகளில் அடைகிறது, ஆழமில்லாத எழுத்தின் ஓரங்கள் மழுங்குகின்றன. உலோக வளையத்தின் விட்டத்துக்குச் சரியாகக் கடைந்த மரம் அதைவிடச் சற்று இளைத்துப்போக, இரண்டும் சேருமிடத்தில் நகத்தை ஓட்டினால் படி தட்டுப்படும். அதே புகை பூச்சின் மேல் படிந்தால் உள்ளே போக இடமில்லை. துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். மேலே படியும் புகையை அது தடுக்கும், உண்மைதான். ஆனால் எழுத்துக் குழிக்குள் இருக்கும் கரியை அது என்ன செய்யும்? டேப்பை உரித்துவிட்டு முதல் சொட்டுப் பசையைத் தாளில் தொட்டு, சுழலும் பேனாவின் மேல் இழுக்கும்போது அந்தக் கரியும் ஈரத்தோடு சேர்ந்து இழுபட்டு, வெறும் மரத்தில் சாம்பல் நிறக் கோடாகப் படிகிறது. மேலே படலம் ஏறியபின் அந்தக் கோட்டை எடுக்கவே முடியாது.

பூச்சு எழுத்தைக் காக்கும் என்பதும் பாதிதான் சரி. நீர்த்த பசை கருகிய குழிக்குள் உறிஞ்சப்பட்டு, சில இடத்தில் தேங்கியும் சில இடத்தில் வற்றியும் காய்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் பள்ளமும் மேடுமாக மின்னும். அதைச் சமப்படுத்த இன்னும் பல படலங்கள் ஏற்ற வேண்டும், திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். எழுத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கடைசியில் குழியில் மட்டும் துளி எண்ணெய் தடவித் துடைத்தால் போதும். வண்ணம் நிரப்புவதும் அப்போது எளிது. வழிந்த பெயின்ட் மெருகேறிய பரப்பில் ஒட்டாமல் துடைபட்டுவிடும்.

பூச்சு பொசுங்கும் என்ற அச்சத்துக்கு மட்டும் அடிப்படை உண்டு, அதுவும் எந்த லேசர் என்பதைப் பொறுத்தது. 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிரைத் தெளிந்த படலமே உறிஞ்சிக்கொள்வதால், முதலில் படலமும் பிறகு மரமும் ஆவியாகின்றன. சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி டையோடு லேசரோ படலத்தை ஊடுருவிச் சென்று அடியிலுள்ள மரத்தைச் சுடுகிறது. அங்கே கிளம்பும் வாயு படலத்தைத் தூக்குவதால் ஓரங்கள் வெளுக்கின்றன. இந்தக் கருவி வைத்திருப்போர் குறைந்த திறனில் வேகமாகச் சிலமுறை ஓட்டலாம். அதிலும் வெளுத்தால், இரண்டு மூன்று படலங்களோடு நிறுத்திப் பொறித்து, துடைத்து, மீதிப் படலங்களை ஏற்றலாம். அங்கேயும் மரத்தின் துளைகளை முதலில் அடைத்தாக வேண்டும். எந்தக் கருவியானாலும் பசைப்புகை கண்ணை எரிக்கும். வெளியேற்றும் விசிறி இல்லாமல் தொடக்கூடாது.

படலமே கட்டாத வெறும் எண்ணெய் மெருகுக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே எது முந்தினாலும் பெரிய வேறுபாடில்லை. அரக்கு பாலிஷ் போட்ட பேனாவில் பூச்சுக்குப் பிறகே பொறிக்கலாம், ஆனால் ஸ்பிரிட் மட்டும் வேண்டாம். அரக்கு அதில் கரைந்துவிடும். லேசாக ஈரமாக்கிய துணியே போதும்.